படத்தில் பதினொரு பேர், பெயர் எங்கே? நினைவுக் காற்பந்து ஆட்டங்கள் சொல்லும் பாடம்

மலாக்கா – தோட்டத்தில் இருந்து பட்டணத்துக்குக் குடிவந்த பழைய குடும்பங்கள் சிலவற்றில், வரவேற்பறைச் சுவரிலோ அலமாரிக்குள்ளோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். பின்வரிசையில் ஆறு பேர் நிற்பார்கள். முன்வரிசையில் ஐந்து பேர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் தாத்தா என்று வீட்டில் சொல்வார்கள். மற்ற பத்துப் பேர் யார்? எந்தத் திடல்? யார் நினைவாக நடந்த ஆட்டம்? படத்தைத் திருப்பிப் பார்த்தால் வெறும் அட்டைதான்.

அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, உலகத்தில் பெயர் பெற்ற சில நினைவு ஆட்டங்களை இன்று பார்ப்போம். ஒரு சங்கத்தின் நூறாம் ஆண்டு, ஒரு நாட்டின் சுதந்திரம், ஒரு பேரிடர் என்று ஏதோ ஒன்றை முன்னிட்டு, பல அணிகளில் இருந்து சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்து ஆடவைப்பது காற்பந்தில் பழைய வழக்கம். நம் மலாயாவிலும் அது நடந்திருக்கிறது. நம் தோட்டங்களிலும் சிறிய அளவில் நடந்திருக்கிறது.

தேர்வு அணி என்றால் என்ன?

சாதாரணமாக ஒரு கிளப் அணி ஆண்டு முழுதும் சேர்ந்தே பயிற்சி செய்யும். தேர்வு அணி அப்படி இல்லை. பல கிளப்புகளில், பல ஊர்களில், சில நேரம் பல நாடுகளில் ஆடுபவர்களைத் தேர்வுக் குழு ஒன்று கூட்டிச் சேர்க்கும். அந்த அணி ஓர் ஊரையோ, மாநிலத்தையோ, கண்டத்தையோ பிரதிநிதிக்கும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தம் அணிக்குத் திரும்பிவிடுவார்கள்.

நினைவு ஆட்டத்தில் புள்ளிப் பட்டியல் இல்லை. தோற்றாலும் யாரும் கீழே இறங்கப் போவதில்லை. அதனால்தான் சாதாரணப் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரர்களை அனுமதிக்காத காலத்தில்கூட, இத்தகைய ஆட்டங்களில் பலரை மாற்றி இறக்கினார்கள். வந்த எல்லாரையும் மக்கள் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

நட்சத்திரங்கள் நிறைந்த அணி பல நேரம் தோற்றுப்போவதற்கும் இதுவே காரணம். ஒருவர் பந்தை எங்கே தட்டுவார் என்று இன்னொருவருக்குத் தெரியாது. சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பதும் ஓரிரு நாள்தான். பேசும் மொழியும் வேறாக இருக்கும். 1987 ஆகஸ்டு 8ஆம் நாள், இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் நூற்றாண்டு விழாவுக்காக வெம்பிளியில் மரடோனாவும் பிளாட்டினியும் உலக அணிக்காக இறங்கினார்கள். ஃபுட்பால் லீக் தேர்வு அணி 3–0 என்று வென்றது.

கிளாஸ்கோவும் வெம்பிளியும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் கையில் பணம் இல்லை. ஃபிஃபாவை விட்டு முன்பு விலகியிருந்த பிரிட்டிஷ் சங்கங்கள் மறுபடியும் சேர்ந்தன. அதைக் கொண்டாட 1947 மே 10ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ஹெம்டன் பார்க் திடலில் பிரிட்டன் அணியும் ஐரோப்பியத் தேர்வு அணியும் மோதின. 130,000க்கும் அதிகமானோர் பார்த்தார்கள். பிரிட்டன் 6–1 என்று வென்றது. வசூல் ஃபிஃபாவுக்குப் போனது. போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் மக்கள் மறுபடியும் ஒரே திடலில் கூடினார்கள் என்பதுதான் அந்த ஆட்டத்தின் பெரிய செய்தி.

அடுத்தது 1963. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 1863இல் தொடங்கியது. நூறு ஆண்டு நிறைவை ஒட்டி 1963 அக்டோபர் 23ஆம் நாள், வெம்பிளி திடலில் இங்கிலாந்தும் உலக அணியும் ஆடின. திடல் நிறைய ஏறத்தாழ 100,000 பேர். உலக அணிக்கு டி ஸ்டெஃபானோ தலைவர். கோல் காவலர் சோவியத் நாட்டின் லெவ் யாஷின். யுசேபியோ, கோப்பா, ஹென்டோ, மசோபுஸ்ட், டெனிஸ் லா என்று பெயர்களைப் படித்தாலே மூச்சு வாங்கும். புஷ்காஷும் ஊவே ஸீலரும் பிறகுதான் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள். முதல் பாதியில் யாஷினை யாராலும் தாண்ட முடியவில்லை. இடைவேளைக்குப் பின் அவருக்குப் பதில் ஷோஷ்கிச் வந்தார். பேய்ன் இங்கிலாந்துக்கு முதல் கோல் போட்டார். லா சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் கிரீவ்ஸ் போட்ட கோலால் இங்கிலாந்து 2–1 என்று வென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'உலக அணி' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஆசிய நாடு எதிலிருந்தும் ஒருவர்கூட அதில் இல்லை. ஆப்பிரிக்க நாட்டின் சார்பாகவும் யாரும் இல்லை. யுசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவர் என்றாலும், ஆடியது போர்த்துகலுக்கு. தென் அமெரிக்க நாட்டு அணிகளில் இருந்து வந்தவர்கள் பிரேசிலின் ஜல்மா சாந்தோஸும் சிலியின் எய்சகிர்ரேயும் மட்டும். மற்றவர்கள் எல்லாம் ஐரோப்பிய நாடுகளுக்கு ஆடியவர்கள்.

ஆக, யாரை அணியில் சேர்க்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, அந்தக் காலத்தில் யாரை உலகமாக எண்ணினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. அன்று ஆடியவர்களின் பெயர், யார் எப்போது மாறினார்கள், யார் கோல் போட்டார்கள் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டதால்தான், அறுபது ஆண்டு கழித்து மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைச் சொல்ல முடிகிறது.

போர்க்கப்பல் கொடுத்த கிண்ணம்

நம் நாட்டுக்கு வருவோம். இன்று நாம் மலேசியக் கிண்ணம் என்று சொல்லும் போட்டியே ஒரு நினைவுப் பொருளில் இருந்து பிறந்ததுதான்.

முதல் உலகப் போருக்கு முன் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் கட்டப் பணம் கொடுத்தன. செலவு ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு. கப்பலுக்கு 'மலாயா' என்றே பெயர் வைத்தார்கள். 1916இல் ஜட்லாண்ட் கடற்போரில் அது சண்டையிட்டது. 1921இல் அந்தக் கப்பல் மலாயாவுக்கு வந்தபோது அதன் மாலுமிகள் உள்ளூர் அணிகளோடு காற்பந்து உள்ளிட்ட பல ஆட்டங்களை ஆடினார்கள். கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பல்காரர்கள் கிண்ணம் வழங்கினார்கள். அதுதான் மலாயாக் கிண்ணம்.

1921இல் முதல் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்று சிலாங்கூரை வென்றது. மலாக்காவும் தொடக்கக் காலம் முதலே இந்தப் போட்டியில் ஆடிவந்த மாநிலம். 1967இல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது.

கப்பலுக்குப் போன பணம் எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்கலாம். அந்த நாளில் கூட்டு மலாய் மாநிலங்களின் வருமானத்துக்கு ஈயமும் ரப்பரும்தான் முதுகெலும்பு. ஈயச் சுரங்கத்தில் பெரும்பாலும் சீனர்கள் உழைத்தார்கள். பால்மரக் காட்டில் நம்மவர்கள் உழைத்தார்கள். மலாக்கா அப்போது நேரடியாகப் பிரிட்டிஷார் கையில் இருந்த நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. அதனால் கப்பலுக்குப் பணம் கொடுத்த நான்கில் மலாக்கா இல்லை. ஆனால் இந்த நாட்டில் ரப்பரை வணிகத்துக்காகப் பயிரிட்ட கதையே மலாக்காவில்தான் தொடங்குகிறது. 1896இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார்; பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். கிண்ணத்தில் கப்பலின் பெயர் இருக்கிறது. கப்பலுக்குப் பின்னால் இருந்த உழைப்பாளிகளின் பெயர் எங்கும் இல்லை.

சுதந்திரத்தின் நினைவாக மெர்டேக்கா விழா

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. மறுநாள் காலை அங்கேதான் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்தை முழங்கினார். சுதந்திரத்தைக் கொண்டாட அதே ஆண்டில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. நம் பெரியவர்கள் பெஸ்தாபோலா என்று சொல்வது இதைத்தான்.

முதல் கிண்ணத்தை 1957இல் ஹாங்காங் லீக் தேர்வு அணி வென்றது. 1958இலும் 1959இலும் மலாயா வென்றது. 1960இல் மலாயாவும் தென் கொரியாவும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவும் வந்து ஆடியது. 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம். நம் தாத்தாக்களில் பலருக்கு அது தருமசங்கடமான நேரம். பிறந்த ஊர் ஒரு பக்கம், பிள்ளை பிறந்த நாடு இன்னொரு பக்கம்.

சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த போட்டி 2023இல் மறுபடியும் தொடங்கியது. 2024இல் மலேசியா 1–0 என்று லெபனானை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஒரே நாளில் முடிந்துவிடும் ஆட்டத்தை விட, திரும்பத் திரும்ப நடக்கும் போட்டி ஒரு நினைவை எவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது என்பதற்கு மெர்டேக்கா ஒரு நல்ல சான்று.

ஆசியாவுக்கும் ஒரு நட்சத்திர அணி

1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தவரும் துங்குதான். உலக அணியில் ஆசியாவுக்கு இடமில்லாத அந்த 1960களில், ஆசிய நாடுகளின் ஆட்டக்காரர்களைச் சேர்த்து 'ஆசிய நட்சத்திர அணி' என்றே ஓர் அணி உருவானது. இந்தியத் தற்காப்பு வீரர் ஜர்னயில் சிங் அதற்குத் தலைவராக இருந்திருக்கிறார்.

அந்த அணிக்கு ஆடிய இன்னொருவர் இந்தியக் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற இராணுவ அணியில் ஆடி 1955இலும் 1958இலும் டுராண்ட் கிண்ணம் வென்றவர். 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தவர். 1967இல் அர்ஜுனா விருது பெற்றவர். வெம்பிளியில் யாஷின் நின்ற இடத்தில் நம் கண்டத்தின் சார்பில் நிற்க ஒரு தங்கராஜ் இருந்தார் என்பது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

நம் நாட்டுப் பட்டியலில் நம்மவர்

மலேசிய அணி 1972இல் மூனிக் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அந்த அணியின் தலைவர் எம். சந்திரன். வி. கிருஷ்ணசாமியும் அந்த அணியில் இருந்தார். அமெரிக்காவை 3–0 என்று வென்றார்கள். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

பிறகு வந்தவர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பறித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்டவர். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் காவலர் அவர். ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலைப் போட்டார். சந்தோக் சிங்கும், நம் மலாக்கா அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆனும் தற்காப்பில் நின்றார்கள். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை.

ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் காலமானார். 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் வரும் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்தபோது, அரங்கில் இருந்த நடுவயதுக்காரர்கள் பலருக்கு ஆறுமுகம்தான் நினைவுக்கு வந்தார். அவருடைய பெயரும் ஆட்டங்களும் பதிவில் இருந்தன. அதனால் 28 ஆண்டுக்குப் பிறகும் அவரை முன்மாதிரியாக வைத்து ஒரு பாத்திரத்தைப் படைக்க முடிந்தது.

தோட்டத்துத் திடல்

தேசிய அணிக்குப் போகும் வழி அந்த நாளில் படிப்படியானது. தோட்டத்து அணி, பக்கத்துத் தோட்டங்களோடு ஆட்டம், பிறகு பட்டணத்துக் கிளப் அல்லது மாவட்ட அணி, அதன்பின் மாநிலத் தேர்வு. பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு படியோடு நின்றார்கள். திறமை போதாமல் நின்றவர்களும் உண்டு. விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்க வேண்டும், பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போகும், பஸ்ஸுக்குக் காசில்லை என்று நின்றவர்களும் உண்டு.

ஆனால் தோட்டத்துக்கென்று நினைவு ஆட்டங்கள் இருந்தன. கோயில் திருவிழா, தீபாவளி, பொங்கல், தொழிலாளர் தினம் என்று ஏதாவது ஒன்றை ஒட்டி நடக்கும். காலமான ஒரு தண்டல், ஒரு கிராணி, ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார் நினைவாகச் சுழற்கிண்ணம் வைப்பார்கள். பல தோட்டங்களில் இருந்து ஆளெடுத்து ஒரு தேர்வு அணி, எதிரில் பட்டணத்து அணி. அளவில்தான் சிறியது; கிளாஸ்கோவிலும் வெம்பிளியிலும் நடந்ததும் இதேதான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்தில் சில இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் சிதறினார்கள். திடல் போனது, கிண்ணம் யார் வீட்டிலோ தங்கிவிட்டது. தேசிய அளவில் மிஃபா என்ற பெயரில் இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி மலேசிய லீக் வரை ஏறியது. பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றி 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்துக்குப் பின் அதுவும் விலகிவிட்டது.

நினைவு இல்லாத நட்சத்திர ஆட்டம்

2025 மே 28ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் ஆசியான் நட்சத்திர அணி மென்செஸ்டர் யுனைடெட் அணியை 1–0 என்று வென்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மியன்மாரின் மாவ்ங் மாவ்ங் லுவின் போட்ட கோல். கூட்டம் நிறைந்த இரவு அது. ஆனால் அது எதை நினைவுகூர்ந்த ஆட்டம் என்று கேட்டால் பதில் இல்லை. விளம்பரதாரரும் நுழைவுச்சீட்டும்தான் அதன் பின்னணி.

அதைக் குறை சொல்லத் தேவையில்லை. தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களுக்கு அது பெருமைதான். ஆனாலும் 2005 பிப்ரவரி 15ஆம் நாள் பார்சிலோனாவின் கேம்ப் நோ அரங்கில் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினமும் இலங்கைக் கரையும் நம் பினாங்கும் கெடாவும் அடிபட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட ரொனால்டின்யோ அணியும் ஷெவ்சென்கோ அணியும் மோதின. 6–3 என்று ரொனால்டின்யோ அணி வென்றது. கோல் எண்ணிக்கை மறந்துபோனவர்களுக்கும் அது யாருக்காக நடந்த ஆட்டம் என்பது நினைவிருக்கும்.

நாம் செய்யக்கூடியது

இன்றும் மலாக்காவில் தீபாவளி, பொங்கல் நேரங்களில் இளைஞர் மன்றங்களும் கோயில் நிர்வாகங்களும் காற்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். இறந்துபோன நண்பர் ஒருவர் நினைவாகவும் நடக்கிறது. நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்:

• நாள், திடல், யார் நினைவாக ஆட்டம், அவர் என்ன செய்தவர்.
• இரு அணியிலும் ஆடியவர்களின் முழுப்பெயர், அப்பா பெயரோடு. 'குட்டி', 'கருப்பு' என்ற பட்டப்பெயரை மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்குப் புரியாது. பக்கத்தில் சேர்த்து எழுதலாம்.
• குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது.
• மாற்றி இறங்கியவர்கள், கோல் போட்டவர்கள், நடுவர், கோல் எண்ணிக்கை.

ஒரு பிரதி கோயில் அலுவலகத்தில் அல்லது தமிழ்ப்பள்ளியில் இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்த படம் கைப்பேசியோடு போய்விடும்; ஒன்றையாவது அச்செடுத்துப் பின்புறம் பெயர் எழுதுங்கள்.

பழைய படங்களுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. 1960களில் இருபது வயதில் ஆடியவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். இந்த வாரம் தாத்தாவையோ பெரியப்பாவையோ பார்க்கப் போகும்போது அந்தப் படத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள். பின்வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவரிடம் இருந்து தொடங்கி, ஒவ்வொருவராகக் கேளுங்கள். பதினொன்றில் ஏழு பெயர் கிடைத்தாலும் எழுதுங்கள். மற்ற நான்கு பேரை இன்னொரு வீட்டுத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.